வாயை மூடிய மிருகம்

சத்தம் போட்டுப் பிழைக்கிற மனிதருக்கு அலுவலகத்தில் வைத்த பெயர் மௌனி. வயது ஐம்பத்திரண்டு. கம்ப்யூட்டர் கேம் செய்கிற கம்பெனியின் மூன்றாவது மாடியில், பஞ்சு வைத்துத் தைத்த கதவுக்குப் பின்னால், ஒலிப்பதிவு அவர் வேலை. அதற்கு முன் இருபது வருடம் சினிமாவுக்குக் காலடிச் சத்தம் போட்டவர். கதாநாயகன் மணலில் நடந்தால் இவர் உப்பு மூட்டையைப் பிசைவார். வில்லனுக்கு விலா எலும்பு முறிந்தால் இவர் கேரட்டை ஒடிப்பார். "நான் ஒடிச்ச கேரட்டுக்கு ஒரு முயல் பண்ணையே வச்சிருக்கலாம்" என்று ஒருமுறை சொன்னார். அலுவலகத்தில் அவர் அடித்த ஒரே ஜோக் அதுதான். மற்றபடி வந்தால் ஒரு தலையாட்டல், போனால் ஒரு தலையாட்டல். டீயில் சர்க்கரை போட மறந்திருந்தாலும் முகம் சுளிக்காமல் குடித்துவிடுவார். தங்கமான மனுஷன் என்று எல்லோரும் சொன்னார்கள். அந்தத் தங்கத்தை உரசிப் பார்க்கிற கல் வேறு இடத்தில் இருந்தது.

கம்பெனி செய்துகொண்டிருந்தது ஒரு டைனோசர் கேம். கப்பல் உடைந்து தீவில் ஒதுங்கிய ஆள், கட்டை பொறுக்கி, நெருப்பு மூட்டி, டைனோசர்களிடம் அகப்படாமல் எத்தனை நாள் உயிரோடு இருக்கிறான் என்பதுதான் ஆட்டம். தீவிலேயே பெரிய மாமிசம் தின்னிக்கு ஆபீஸில் 'பெரியவர்' என்று பெயர். பெரியவருக்குக் குரல் கொடுப்பது மௌனியின் பொறுப்பு.

ஆலோசனை சொல்ல எலும்பு ஆராய்ச்சிக்காரர் ஒருவரை ஒரு காலைப் பொழுதுக்குக் கூட்டிவந்தார்கள். "இதுங்க சிங்கம் மாதிரி வாயைத் திறந்து கர்ஜிச்சிருக்கும்னு சொல்ல ஆதாரம் ஒண்ணும் இல்ல. இதுங்களுக்குச் சொந்தக்காரங்க யாரு? முதலையும் பறவையும். முதலை வாயைத் திறக்காமலே தொண்டைக்குள்ள உறுமும். தீக்கோழியும் அப்படித்தான். இதுங்களும் அப்படி உறுமியிருக்கலாம். காதுக்குக் கேக்கறதவிட நெஞ்சுக்குத்தான் கேக்கும்" என்றார் அவர். மௌனிக்கு அந்தப் பேச்சு அப்படியே பிடித்துக்கொண்டது. தன்னைப் பற்றியே யாரோ நல்லதாகப் பேசியது போல இருந்தது. "பலம் இருக்கிறவன் எதுக்குக் கத்தணும்?" என்று அன்றைக்கு மட்டும் மூன்று பேரிடம் கேட்டார்.

பதினாலு மாதம் உழைத்தார். முதலைப் பண்ணையில் முழங்கால் சேற்றில் நின்று, மைக்கை உறையில் கட்டித் தண்ணீருக்குள் இறக்கினார். தீக்கோழி ஒன்று அவர் தொப்பியைத் தின்றது. பிடித்துவந்த சத்தங்களை மெதுவாக்கி, ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, அறையில் அலமாரி உயரத்துக்கு நின்ற இரண்டு ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பார். சத்தம் என்றே சொல்ல முடியாது. நாற்காலி வழியாக ஏறி அடிவயிற்றைப் பிசையும். கூட்டிப் பெருக்க வந்த அம்மா ஒருநாள் வாளியைப் போட்டுவிட்டு வெளியே போய், "உள்ள என்னமோ சரியில்ல" என்றார். மௌனிக்கு அன்று கிடைத்த சந்தோஷம் கல்யாணத்தன்று கூடக் கிடைத்திருக்காது.

அந்த அறையில் அவர் வைத்த சட்டம் ஒன்று உண்டு. ரெக்கார்டரின் சிவப்பு விளக்கு காலையில் எரிந்தால் சாயங்காலம் வரை அணையக்கூடாது. நல்ல சத்தம் சொல்லிக்கொண்டு வராது என்பார். பதிவானதையெல்லாம் பக்கத்து அறைத் தொகுப்பாளர் மறுநாள் கேட்டு, தேறுவதை வெட்டி எடுத்து வைப்பார். பெரும்பாலும் தேறியது மௌனியின் தும்மல்தான்.

சோதனை நாளில் வெளியிலிருந்து இருபது பேர் வந்து ஆடினார்கள். இருபது பேரும் ஆற்றங்கரையில் செத்தார்கள். பெரியவர் பின்னால் வந்து, முறைப்படி உறுமி, முறைப்படி தின்றார். உறுமியது ஒருவர் காதிலும் விழவில்லை. அவர்கள் மாட்டியிருந்தது மலிவான ஹெட்ஃபோன். அத்தனை கனமான சத்தத்தை அந்தத் தகரம் எங்கே எழுப்பப் போகிறது? நேற்று தொழிலுக்கு வந்தவன்கூட ஒரு தரம் சின்ன ஸ்பீக்கரில் போட்டுப் பார்ப்பான். மௌனி பதினாலு மாதமும் தன் அலமாரிகளிலேயே கேட்டு மயங்கியிருந்தார். யானைக்கும் அடி சறுக்கும். கருத்துத் தாளில் 'நிஜம் போல இருந்ததா?' என்ற கேள்விக்கு எதிரே ஒருவர், 'எதுனால செத்தேன்னே தெரியல' என்று எழுதியிருந்தார்.

மேலாளர் அவர் அறைக்கே வந்தார். மௌனியைவிடப் பதினைந்து வயது சின்னவர், பேச்சில் வெட்டு ஒன்று துண்டு ரெண்டு.

"சார், உங்க உழைப்ப நான் குறை சொல்லல. ஆனா ஆடறவங்களுக்கு ஓடறதுக்கு ஒரு நொடி வேணும். சத்தம் கேக்கணும், திரும்பணும், பயப்படணும், ஓடணும். அதுதான் ஆட்டம். காரணமே தெரியாம செத்தா கேமை மூடிட்டுப் போயிடுவாங்க."

"நிஜத்துல அப்படித்தானே மேடம் இருந்திருக்கும்..."

"நிஜம் வேணும்னா மியூசியத்துக்குப் போவாங்க சார். நல்லதா ஒரு கர்ஜனை போட்டுக் குடுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மௌனி தலையாட்டினார். மேலாளர் போனார், பஞ்சுக் கதவு மூடியது. அதற்குப் பிறகுதான் மௌனி வாயைத் திறந்தார்.

"பத்து மரத்த வெட்டிப் பாக்கெட்ல போட்டுக்கிட்டு ஓடறான், அது பரவால்ல! முறிஞ்ச கால்ல இலையக் கட்டினா அரை நிமிஷத்துல கூடிடுது, அதுவும் பரவால்ல! நான் சொல்ற ஒரே ஒரு உண்மைதான் உங்க தொண்டையில சிக்குதா?" என்று சுவரைப் பார்த்துக் கத்தினார். வார்த்தை தீர்ந்த பிறகும் கத்தல் தீரவில்லை. வெளியில் எலி என்று ஒரு பழமொழி உண்டு. அதன் முன்பாதி வீட்டைப் பற்றியது, அது பிறகு. கத்தி முடித்துத் தண்ணீர் குடித்தார், காலரைச் சரிசெய்தார், வெளியே போய் எதிரே வந்தவருக்குத் தலையாட்டினார். உள்ளே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை வந்து போயிற்று. மௌனி எதுவும் கொடுக்கவில்லை. திங்கட்கிழமை பார்த்தால் கேமில் கர்ஜனை ஒன்று ஏறியிருந்தது. மறுபடி இருபது பேர் ஆடினார்கள். பெரியவர் வாயைத் திறந்ததும் இரண்டு பேர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தே விட்டார்கள். 'நிஜம் போல இருந்ததா?' என்ற கேள்விக்குப் பதினெட்டுப் பேர் 'மிகவும்' என்று குறித்திருந்தார்கள்.

தொகுப்பாளர் கையைப் பிசைந்துகொண்டு வந்து நின்றார். "சார், கோச்சுக்காதீங்க. போன செவ்வாய்க்கிழமைப் பதிவுல ஒரு ஒன்பது செகண்ட். என்ன மிருகம்னு முதல்ல எனக்குப் புரியல. முன்னாடி ஓட்டிக் கேட்டப்பதான் நீங்கன்னு தெரிஞ்சுது. வார்த்தை இல்லாத இடமாப் பாத்து வெட்டிக் கொஞ்சம் மெதுவாக்கினேன், அவ்வளவுதான்."

மேலாளர் நேர்மையானவர். "உங்க குரல் சார். சோதனைக்குப் போட்டது சரி, நீங்க எழுதிக் குடுக்காம வெளியிடற கேம்ல போட மாட்டேன். வேண்டாம்னா உங்க பழைய உறுமலே இருக்கட்டும், வேற செய்ய நேரமில்ல. ஆனா காரணத்தையும் எழுதுங்க, மேல காட்டணும். இன்னைக்கு ராத்திரிக்குள்ள அனுப்பிடுங்க" என்றார்.

ஒரு வரி எழுதினால் பதினாலு மாதம் பிழைத்துக்கொள்ளும். என்ன எழுதுவது என்பதை மௌனி பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டார்.

இனி அந்த முன்பாதி. ஐந்தாவது மாடியில் இரண்டு படுக்கையறை வீடு. பள்ளி நூலகத்தில் வேலை செய்கிற மனைவி, கல்லூரிக்குப் போகிற மகள். நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் தொப்பி. கரண்டி வைக்கிற டிராயருக்குள் மடித்த துணி. குழாய் சொட்டினால் கீழே ஸ்பாஞ்சு. மகள் போன் வந்தால் மாடிப்படிக்குப் போய்ப் பேசுவாள். நாளெல்லாம் சத்தத்தோடு மல்லுக்கட்டுகிற காதுக்கு வீட்டில் ஓய்வு வேண்டும் என்பது மௌனியின் கட்சி. ஒரு தட்டு கை தவறி விழுந்தால் என்ன நடக்கும் என்பது மனைவிக்கும் மகளுக்கும் தெரியும், கீழ்வீட்டுக்காரர்களுக்கும் தெரியும். மௌனிக்குத்தான் அது நினைவில் தங்காது. "எனக்குக் கோவம் அஞ்சு நிமிஷம், அப்புறம் நான் பச்சைக் குழந்தை" என்பார். அந்த ஐந்து நிமிஷத்தை மற்ற இருவரும் நாள் முழுக்கத் தூக்கிச் சுமந்தார்கள். தன் வீட்டைப் போல அமைதியான வீடு எங்கும் கிடையாது என்று அவருக்குப் பெருமை வேறு.

சாப்பாட்டு மேசையில் மகளின் பழைய லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சமையலறையில் மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். மௌனி தட்டினார்: 'சம்மதமில்லை. இது பொய்யான சத்தம். உலகத்தில் எந்த உயிரும் இப்படிக் கத்தியிருக்காது.' படித்துப் பார்த்தார், திருப்தியாக இருந்தது. அனுப்புவதற்கு முன்னால் தொழில் புத்தி குறுக்கிட்டது. போன தடவை சின்ன ஸ்பீக்கரில் கேட்காமல்தானே மாட்டிக்கொண்டோம்? இந்தத் தடவை கேட்டுவிடலாம் என்று, தொகுப்பாளர் அனுப்பியிருந்த கேம் காட்சியை, சத்தத்தை முழுசாகக் கூட்டி வைத்துத் தட்டிவிட்டார்.

பெரியவர் கர்ஜித்தார்.

சமையலறையில் குழாய் நின்றது. மகளின் அறையில் சன்னமாக ஓடிக்கொண்டிருந்த பாட்டு நின்றது. அந்த அறைக் கதவு ஓசையில்லாமல் சாத்தப்பட்டது. உள்ளே தாழ்ப்பாளை யாரோ விரலால் பிடித்து மெல்ல மெல்லத் தள்ளினார்கள். அந்த மெல்லிய உரசல் மௌனியின் பழகிய காதுக்குத் தெளிவாகக் கேட்டது. எத்தனை வருடப் பழக்கம் இருந்தால் ஒரு தாழ்ப்பாள் அப்படி நகரும்!

மனைவி ஈரக் கையோடு ஓடிவந்து நின்றார்.

"இதோ வந்துட்டேங்க. எதுவும் கீழ விழலங்க. மெதுவாத்தான் கழுவிட்டிருந்தேன்."

"நான் கத்தல" என்றார் மௌனி.

எதிர்த்துச் சொல்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

"நெசமாத்தான் சொல்றேன். இது கேம். டைனோசர்." லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். திரையில் பெரியவர் வாயைப் பிளந்தபடி நின்றிருந்தார்.

மனைவி திரையைப் பார்த்தார், பிறகு அவர் முகத்தைப் பார்த்தார். "சரிங்க" என்றார். கேட்டதை நம்புகிறவர் சொல்கிற சரி இல்லை அது. "நான் உள்ள போகட்டுங்களா?"

மௌனிக்கு உடம்பெல்லாம் கூசியது. மேலாளர் முன்னால் குறுகாத மனம் அந்த ஈரக் கைக்கு முன்னால் குறுகிப்போனது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தார். மனைவி அரை அடி பின்னால் நகர்ந்தார். மௌனி வாயை மூடிக்கொண்டார்.

லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினார். 'உலகத்தில் எந்த உயிரும்' என்று தொடங்கிய வரியை அழித்தார். அதற்கு முந்தைய வரியையும் அழித்தார். மறுப்பு மட்டும் மிச்சம் இருந்தது, அதற்கு ஒரு காரணம் எழுத வேண்டும். யோசித்துப் பார்த்தார். பிறகு அதையும் அழித்துவிட்டு, 'போட்டுக்கோங்க' என்று அடித்து அனுப்பினார். பதினாலு மாதம் அதோடு முடிந்தது.

நிமிர்ந்தபோது மனைவி அங்கேயே நின்றிருந்தார். போகலாம் என்று மௌனி இன்னும் சொல்லியிருக்கவில்லை.