நான் உயிரோடு இருப்பதற்குச் சான்று

பத்திரப்பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். "கண்ணை மூடிக்கொண்டு பவர் கொடுக்காதீர்கள்" என்று ஊருக்கெல்லாம் சொன்னவள், மகளின் பிரசவத்துக்கு வெளிநாடு போகும்போது, செம்பாக்கத்தில் என் பெயரில் உள்ள மனைக்குக் என் சார்பில் செயல்படக் கணவருக்குப் பொதுப் பவர் பத்திரம் எழுதிக் கொடுத்தேன். வரி கட்டுவார், வேலி போடுவார் என்ற நினைப்பு. விற்கும் அதிகாரமும் அதில் இருந்தது. கணவர்தானே என்று விட்டுவிட்டேன்.

ஊர் திரும்பிய பிறகு ஒருநாள் எங்கள் டாக்டர் போன் செய்தார்.

"அம்மா, நீங்க உயிரோட இருக்கீங்கன்னு சர்டிபிகேட் கேட்டு உங்க வீட்டு சார் வந்திருக்கார். உங்களைப் பார்க்காம எப்படிக் கொடுக்கிறது?"

சிரிப்பும் பயமும் சேர்ந்தே வந்தன. பவரை வைத்து நிலத்தை விற்பவர்தான், அதை எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருப்பதாகச் சான்று காட்ட வேண்டும்.

வீட்டுக்கு வந்த கணவர் அசடு வழிந்தார். "திருமுடிவாக்கத்துல ஃபிரெண்டு பட்டறை போடறான். மனையை வித்து பார்ட்னரா சேர்ந்துட்டு உனக்கு சர்ப்ரைஸா சொல்லலாம்னு..."

விற்றிருந்தால் நீதிமன்றத்துக்கு அலைந்திருப்பேன். மறுநாளே பவரை ரத்து செய்யும் பத்திரம் பதிவு செய்து, வாங்க இருந்தவருக்கும் கணவருக்கும் ஒப்புகை அட்டையுடன் தபாலில் அறிவிப்பு அனுப்பினேன்.

"ஒரே வீட்டுக்குள்ள எதுக்குடி தபால்?"

"கைல கொடுத்தா வரலைன்னு சொல்வீங்க. கையெழுத்து போடுங்க, காபி ஆறுது."

இப்போது அவரிடம் இருப்பது வரி கட்ட மட்டுமான பவர். விற்கும் அதிகாரத்தை இனி யாருக்கும் எழுதிக் கொடுப்பதில்லை. தினமும் காலையில் என்னை எழுப்பும்போது, "உயிரோட இருக்கியா?" என்கிறார்.

"இருக்கேன். மனையும் இருக்கு" என்கிறேன்.

- ஒரு வாசகி, அஸ்தினாபுரம்