எல்லார் காதிலும் விழ வேண்டும்

புதூர்நாட்டு ஜெயம்மாள் தினமும் கம்பெனி வேனில் மலையிறங்கிப் போய் ஷூ கம்பெனியில் பசை தடவி ஒட்டுகிறவர். அங்கே சாப்பாட்டு நேரம்வரை கழிப்பறையைப் பூட்டிவைப்பார்கள். போன வருஷம் பெண்கள் வேலையை நிறுத்தினார்கள். பேசுவதற்குத் தங்களில் ஒருத்தியான தேவயானியை மட்டும் உள்ளே அனுப்பினார்கள். அவள் சூப்பர்வைசராகத் திரும்பி வந்தாள். பூட்டு அப்படியே தொங்கியது.

இந்த வருஷம் மறுபடி நிறுத்தினார்கள். "யாராச்சும் ஒருத்தர் உள்ள வாங்க, பேசலாம்" என்றார் மேனேஜர்.

ஜெயம்மாள் உட்கார்ந்த இடத்தைவிட்டு நகரவில்லை. "எங்க மலையில பஞ்சாயத்துன்னா ஊருக்கு நடுவுல, எல்லார் காதுலயும் விழற மாதிரிதான் சார் பேசுவோம். ரூம்ல இன்னா பேச்சு? நீங்க வெளிய வாங்க."

தொழிற்சங்க வகுப்பில் இதைப் பாடமாக வைக்கலாம். எங்கே வைக்கிறார்கள்?

வெயில் ஏறியும் ஒருத்தியும் எழவில்லை. கடைசியில் மேனேஜர் வெளியே வந்தார், அவர்களோடு தரையில் உட்கார்ந்தார், பேசினார். சாயங்காலத்துக்குள் பூட்டைக் கழற்றிவிட்டார்கள்.

வேன் ஏறும்போது மேனேஜர் ஜெயம்மாளை ஓரமாகக் கூப்பிட்டார். "சூப்பர்வைசர் வேலை ஒண்ணு இருக்கும்மா" என்றார் மெதுவாக.

ஜெயம்மாள் மற்றப் பெண்கள் உட்கார்ந்திருந்த வேனைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

"சத்தமா சொல்லுங்க சார்."