பச்சை ஆகாத வரிசை

பெட்டாலிங் ஜெயாவில் நான் வேலை பார்த்த கிடங்கில், வருடம் முழுவதற்குமான ஷிப்டையும் விடுமுறையையும் எக்செலில் போட்டுக் கொடுத்தவர் ஒரு பாய். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, திரையை விரலால் தொட்டுத் தொட்டுத்தான் கட்டங்களை எண்ணுவார். நோன்புப் பெருநாள் வாரத்தின் மேல் எப்போதும் விரல் அழுக்கு அப்பியிருக்கும்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. பெருநாளுக்கு மலாய்க்காரர்கள் லீவு எடுப்பார்கள், இந்தியர்கள் வேலைக்கு வருவோம். தீபாவளிக்கு நாங்கள் லீவு, அவர்கள் வருவார்கள். லீவு கிடைத்தவரின் கட்டம் பச்சையாகும்.

ஒரு தீபாவளிக்கு முன்பு என் கட்டத்தைப் பார்க்கப் போனேன். பச்சையாகியிருந்தது. பாயின் வரிசை மட்டும் வருடம் முழுக்க வெள்ளையாகவே கிடந்தது.

“என்ன பாய், தீபாவளிக்கு நீங்க வேலையா?”

“எனக்கு எதுக்குப்பா தீபாவளி? நான் முஸ்லிம்லா.”

“பெருநாளைக்கும் நீங்கதானே வந்தீங்க?”

“அன்னிக்கு ஆள் பத்தல. இந்தியன் கணக்குல என்னைச் சேத்துட்டாங்க.”

சிரிப்பார் என்று நினைத்தேன். கொட்டாவி விட்டுவிட்டு அடுத்த மாதத்துக்குப் போனார்.

மவுஸ் அவர் கையில்தான் இருந்தது. ஒரே ஒரு கட்டத்தைத் தனக்காகப் பச்சையாக்க அவருக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்றும் எனக்குப் புரியவில்லை. ஆனால் அந்தப் பெருநாளன்று காலையிலிருந்து மாலைவரை நான் அவர் பக்கத்து மேசையில்தான் உட்கார்ந்திருந்தேன். ஒரு வாழ்த்துகூடச் சொல்லவில்லை.