கூப்பிடும் பெயர்

பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டபின் திருப்பூர், சூரத், நாக்பூர் என்று சுற்றிவிட்டுக் கொல்கத்தா வந்து சேர்ந்தேன். காளிகாட்டில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை. படுக்கையும் அந்தக் கடையின் பரணில்தான். நிமிர்ந்து உட்கார முடியாது, ஆனால் மழை ஒழுகாது. வயர் இழுக்க, ரௌட்டர் மாட்ட, சாப்ட்வேர் போட என்று கடைக்காரர் சொல்லும் இடத்துக்குப் போவேன்.

அப்படித்தான் பெஹாலாவில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் போனேன். வீட்டின் முன்னறைதான் கூடம். வயதான கணவன் மனைவி, முன்மேசையில் வேலைக்கு ஒரு பெண். அந்த மேசைக் கணினியில் புது சாப்ட்வேரைப் போட்டு, பழைய ரிப்போர்ட்டுகள் இருக்கும் உள்ளறைக் கணினியோடு இணைக்க வேண்டும். அதை அமைத்தவன் அவர்கள் மகன். போன வருஷம் பைக் விபத்தில் இறந்துவிட்டான். பாஸ்வேர்டு அவனுக்கு மட்டும்தான் தெரியும். பூட்டிய திரையோடு அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"சேரவில்லையென்றால் அதைத் தூக்கிவிட்டுப் புதுசு வைக்கணும் என்கிறார்கள் சாப்ட்வேர்காரர்கள்" என்றார் பெரியவர். "அதை மட்டும் கழற்றாதே பாபா."

"அந்தக் கம்ப்யூட்டருக்கு என்ன பேர் வச்சிருக்கார், காக்கு?" என்றேன். பெரியவர்களை அங்கே காக்கு என்பார்கள், பிள்ளை வயதுக்காரனை பாபா.

"தன் பேரைத்தான் வைத்தான்." மகன் பெயரைச் சொன்னார். நீளமான பெயர். எழுத்துக்கூட்டி வாங்கி அடித்தேன்.

அப்படியொரு கணினியே இல்லை என்றது. நெட்வொர்க்கில் தேடிப் பிடித்த அதன் எண்ணைக் கொடுத்தால் உடனே பதில் வந்தது. ஆனால் ரௌட்டர் நின்று எழுந்தால் எண் மாறிவிடும்; எண்ணை நிலைக்க வைக்க ரௌட்டரையே முதலிலிருந்து அமைக்க வேண்டும், பெயர் என்றால் அப்படியே நிலைக்கும். கேபிளை மாற்றினேன், தடுப்புகளைத் தளர்த்தினேன், கணினியின் நினைவில் இருந்த பழைய முகவரிகளை அழித்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

"என்ன மெட்ராஸ் தாதா, உங்க ஊர்க்காரங்க கம்ப்யூட்டர்ல புலின்னாங்க?" என்றாள் முன்மேசைப் பெண். அண்ணனை அங்கே தாதா என்பார்கள்.

"நான் பாதியில படிப்ப விட்ட புலி."

பெரியவர் சிரிக்கவில்லை. உள்ளறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார், யாரோ தூக்க வந்துவிட்டதுபோல.

எண்ணைக் கொடுத்து, உன் பெயர் என்ன என்று கணினியையே கேட்கும் கட்டளை ஒன்று உண்டு. அது எனக்கு மெதுவாகத்தான் ஞாபகம் வந்தது. அடித்தேன். அவர் சொன்ன பெயர் வரவில்லை. குழந்தையைக் கொஞ்சுவதுபோல இரண்டே அசையில் ஒரு சொல் வந்தது. என்னவென்று புரியாமல் சத்தமாக வாசித்தேன்.

சமையலறையிலிருந்து "என்னடா?" என்று குரல் வந்தது.

அந்த அம்மாள் ஈரக் கையோடு வாசல்வரை வந்து, என்னைப் பார்த்து நின்றுவிட்டார். முன்மேசைப் பெண் தலையைக் குனிந்துகொண்டு மெல்லச் சொன்னாள்: "அது அவங்க மகனோட டாக் நாம், தாதா. வீட்டுல கூப்பிடற பேர்."

வங்காளிகளுக்கு ஆளுக்கு இரண்டு பெயர் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. வெளியாள் கேட்டால் பள்ளிக்கூடத்துப் பெயரைத்தான் சொல்வார்கள். பெரியவரும் அதைத்தான் சொல்லியிருக்கிறார்.

சாப்ட்வேரில் அந்தச் செல்லப் பெயரைப் போட்டதும் இணைந்தது. ஆனால் சாப்ட்வேரைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் பெயர் திரையில் பெரிதாக வந்தது.

"எடுத்துடு" என்றார் அம்மாள். "வர்றவன் போறவன் எல்லாம் வாசிக்கிறதுக்கா அந்தப் பேர்?"

"இருக்கட்டுமே" என்றார் பெரியவர்.

"உங்களுக்கென்ன, கூப்பிட்டா திரும்பிப் பார்க்கிறது நான்தானே."

ரௌட்டரை முதலிலிருந்து அமைத்து, அந்தக் கணினிக்கு ஒரே எண் நிலைக்கும்படி செய்தேன். சாப்ட்வேரில் பெயர் இருந்த இடத்தில் எண்ணைப் போட்டேன். கணினி அதே இடத்தில் ஓடியது.

ஆட்டோ நிற்கும் இடம்வரை பெரியவர் கூட வந்தார். வீடு மறைந்ததும் நின்றார்.

"அந்தப் பேரை நீ சொன்னது சரியில்லை பாபா. முதல் எழுத்தை அப்படி அழுத்தக் கூடாது." சொல்லிக் காட்டினார். நான் சொன்னேன். இன்னும் கொஞ்சம் மெதுவாக என்றார். மறுபடி சொன்னேன். சரியாகத்தான் வந்தது என்று நினைக்கிறேன்.

"இன்னொரு தரம் சொல்லு" என்றார்.