சதுப்பில் இரண்டாவது ஆள்

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். இது என் அக்காவுக்கு நடந்தது, அதுவும் பட்டப்பகலில். அவளுக்குப் பொய் சொல்ல வராது. அதனாலேயே அலுவலகத்தில் பாதிப் பேருக்கு அவளைப் பிடிக்காது.

அக்காவின் வேலை விலங்குகளின் வாழிடத்துக்கு வரைபடம் போடுவது. செயற்கைக்கோள் படத்தில் எது காடு, எது நீர், எது தரிசு என்று பிரிப்பாள். எந்த விலங்கை யார் எங்கே பார்த்தார்கள் என்ற பதிவுகளை அதன்மேல் பொருத்துவாள். ஊருக்கு வெளியே ஒரு சதுப்பு வரைபடத்தில் தவறுதலாகத் தரிசு என்று விழுந்திருந்தது. அங்கே கிடங்கு கட்ட ஆட்கள் தயாராக நின்றார்கள். ஆனால் 'நத்தை' என்ற பெயரில் யாரோ வாராவாரம் அங்கே நீர்நாய் பார்த்ததாகப் பதிந்துகொண்டிருந்தார். இரண்டு பேர் பார்த்தால்தான் பதிவு செல்லும். இது ஒற்றை ஆள் விடும் கதை, அழித்துவிடு என்றார் மேலாளர். நானே போய்ப் பார்க்கிறேன் என்று கிளம்பிவிட்டாள் அக்கா.

மதியம் 3:05. நாணல் ஆள் உயரம். காற்று துளியும் இல்லை. சேற்றில் நீர்நாயின் கால்தடம், ஈரம் காயாமல். குனிந்து படம் எடுத்தாள். பின்னால் நாணல் முறிந்தது... சடக்.

திரும்பினாள். யாரும் இல்லை. கைபேசி அதிர்ந்தது. நத்தையின் புதுப் பதிவு.

"மனிதர். பெண். ஒன்று. உயிருடன்."

இடம், அவள் நின்ற அதே இடம். பார்த்தவர் நின்ற தூரம், நாற்பது மீட்டர்.

"யாருங்க? வெளியே வாங்க."

நாணலை விலக்கிப் பார்த்தாள்.

3:09. மறுபடி அதே பதிவு. பதினைந்து மீட்டர். சடக்... சடக்...

3:10. மூன்று மீட்டர். பின்கழுத்தில் ஈரமாக ஒரு குளிர்...

கால் ஓடச் சொன்னது. அக்கா ஓடவில்லை.

"பயமுறுத்தித் துரத்தலாம்னு பாக்காதீங்க. பதிஞ்சிட்டுத்தான் போவேன்."

கால்தடப் படத்தை ஏற்றினாள்.

3:11. "உறுதி செய்தவர்: நத்தை."

சத்தம் நின்றது.

மறுநாளும் அழிக்கச் சொன்னார் மேலாளர். வேலை போகும் என்று மிரட்டினார்.

"போனா போகட்டும் சார். ரெண்டு பேர் பாத்திருக்கோம். அழிக்க மாட்டேன்."

சதுப்பு வரைபடத்தில் ஏறியது. கிடங்கு வேறு இடம் பார்த்துப் போனது.

நன்றி சொல்ல, நத்தையின் முகவரி கேட்டாள் அக்கா. பதிவுகளைப் பராமரிப்பவர் பழைய விவரத்தைத் தேடி எடுத்துச் சொன்னார். அந்த மனிதர் இரண்டு வருடம் முன்பு அதே சதுப்பில் மூழ்கிப் போனவராம். வீட்டார் யாரோ அவர் கணக்கில் பதிகிறார்கள் என்றே இவர் நினைத்திருந்தார். வீட்டில் விசாரித்தால், யாரும் அதைத் தொட்டதே இல்லை.

அவர் மூழ்கிய அன்று, காலை ஏழு மணிக்கே உயிர் போய்விட்டது என்றது மருத்துவர் அறிக்கை. அன்று மாலை 4:12-க்கு அவர் கணக்கில் ஒரு பதிவு. அது காட்டிய இடத்தில்தான் உடலை எடுத்தார்கள்.

"மனிதர். ஆண். ஒன்று. உயிர் இல்லை."

பார்த்தவர் நின்ற தூரம், பூஜ்யம்.