இரண்டு பேர் எடுத்த வகுப்பு

விசாலாக்ஷி ஓய்வு பெற்று மூன்று வருடங்கள் ஆகின்றன. அடையாறு போகும் பேருந்து அவள் வேலை பார்த்த கல்லூரியைத் தாண்டும்போதெல்லாம், மூன்றாம் மாடி மூலை அறையின் ஜன்னலை அவள் கண் தானாகத் தேடும்.

வேதியியல் ஆசிரியையான அவளும் பொருளாதாரத் துறை ஹபீபுர் ரஹ்மானும் சேர்ந்து ‘உலகச் சூழல் மாற்றம்’ என்ற விருப்பப் பாடத்தை அந்த அறையில்தான் நடத்தினார்கள். இரண்டு பேர் ஒரே வகுப்பில் நின்றால் அந்த மணி நேரத்தை எந்தத் துறையில் சேர்ப்பது என்று அலுவலகம் குழம்பியது. கடைசிவரை அந்தக் குழப்பம் தீரவில்லை.

2009-இல் பாடம் தொடங்கிய முதல் நாளே சண்டை. காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் முந்நூற்று எண்பத்தேழு பங்கு என்று அவள் பலகையில் எழுதினாள். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ரஹ்மான் எழுந்தார்.

“மேடம், இதுல யார் பங்கு எவ்வளவு? கார் வச்சிருக்கறவரும் பஸ்ல தொங்கறவரும் ஒண்ணா?”

மாணவர்கள் சிரித்தார்கள். அவளுக்குச் சுருக்கென்றது. “மூலக்கூறுக்குப் பணக்காரன் ஏழை தெரியாது சார்!” என்றாள். ஆனால் அடுத்த வகுப்புக்கு நாடுவாரியாகத் தலைக்கு எவ்வளவு என்று தேடி எடுத்துக்கொண்டுதான் வந்தாள்.

2015 செப்டம்பரில் அடையாற்று வெள்ளம் ஏறக்கூடிய தாழ்நிலங்களுக்கு நீலம் பூசிய வரைபடத்தை அவள் வகுப்பில் காட்டினாள். கோட்டூர்புரத்தில் அவள் குடியிருந்த தெருவும் நீலத்தில்தான் இருந்தது. டிசம்பரில் மழை கொட்டியபோது கணவர் சங்கரன், “நம்மாத்துக்குள்ள எல்லாம் தண்ணி வராது, நீ பேசாம இரு” என்றார். அவளும் பேசாமல்தான் இருந்தாள். விடியும்போது கூடத்தில் முழங்கால் அளவு தண்ணீர். மாடி வீட்டுக்காரர்கள்தான் இருவரையும் மேலே ஏற்றிக்கொண்டார்கள். பீரோவின் அடித்தட்டில் இருந்த இருபது வருடக் குறிப்புகள் கூழாகிப் போயின.

கல்லூரி திறந்ததும் வெறுங்கையோடு வகுப்புக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். மதுவந்தி என்ற மாணவி தயங்கித் தயங்கிக் கேட்டாள்: “எல்லாம் தெரிஞ்ச நீங்களே கிளம்பலைன்னா, நாங்க இதைப் படிச்சு என்ன மேம் பிரயோஜனம்?”

ரஹ்மான் சாக்பீஸைக் கீழே வைத்தார். “எனக்கும் தெரியலம்மா. போய்க் கேட்டுட்டு வருவோம்.”

அந்தப் பருவத்தில் மீதி வகுப்புகள் எல்லாம் தெருவில்தான் நடந்தன. தண்ணீர் வருமென்று எப்போது தெரிந்தது, யார் சொல்லி நம்பினீர்கள் என்று ஆற்றங்கரை வீடுகளில் ஏறி இறங்கிக் கேட்டார்கள். இஸ்திரி வண்டி வைத்திருந்த தங்கம் சொன்னாள்: “டிவிகாரன் தெனம் தான் கத்திக்கினு கீறான், யாரு கேக்கறா? பால் பூத்து அண்ணன் கடைய மூடிக்கினு போனாரு. அத்த பாத்துட்டுத்தான் புள்ளைங்கள இட்டுக்கினு கெளம்பினேன்.”

அன்று பேருந்து நிறுத்தம்வரை இருவரும் அதையே பேசிக்கொண்டு நடந்தார்கள். “பால்காரர் பேச்சை நம்பறாங்க, நம்ம பேச்சை நம்பலை. இது உங்க பாடமா, என் பாடமா?” என்றாள் அவள். “ரெண்டு பேருக்குமே சிலபஸ்ல இல்ல மேடம்” என்றார் ரஹ்மான். இருவரும் நின்று சிரித்தார்கள். மூன்று பேருந்துகள் போய்விட்டன.

பிறகு பாடத்திட்டம் மாறியது. அந்தப் பாடம் கணினியில் பார்த்துக்கொள்ளும் பத்துக் காணொளிகளானது. ரஹ்மான் மகளோடு வேலூருக்குப் போய்விட்டார். விசாலாக்ஷி அதே தெருவில் முதல் மாடிக்குக் குடிமாறினாள்.

சாயங்காலங்களில் பெசன்ட் நகர் கடற்கரையில் நடக்கும்போது செய்தித்தாளில் படித்த ஏதாவது ஒரு எண் மனதில் வந்து நிற்கும். உடனே ஒரு ஆட்சேபணையும் எழும், அது ரஹ்மானின் குரலில். அவள் வாய்விட்டே பதில் சொல்லிவிடுவாள். எதிரே வருபவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவள் கவலைப்படுவதில்லை.