எண் போடாத நோட்டுகள்

எழுபதுகளில் திருவள்ளூரில் ஒரு கல்லூரியின் நூலகராக இருந்தேன். விலங்கியல் பேராசிரியர் ஒருவர் ஓய்வுபெறும் நாளில் ஒன்பது நோட்டுகளை என் மேசையில் வைத்தார். ஆறு வருடம் வாரந்தோறும் படகில் போய், பழவேற்காடு ஏரித் தண்ணீரின் உப்பையும் இறால் வரத்தையும் அளந்து எழுதியவை.

“அச்சடிச்ச புத்தகத்துக்குத்தான் சார் நம்பர் போட்டு லைப்ரரி கணக்குல சேக்க முடியும்,” என்றேன்.

“பரவாயில்ல, சும்மா வையுங்க. என்னிக்காவது யாராவது கேப்பாங்க.”

அடுத்த வருடப் புத்தகச் சரிபார்ப்பின்போது, இடத்தை அடைக்கிறதென்று அவற்றைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டேன்.

மூன்று வருடம் கழித்து, பேராசிரியருக்குப் படகோட்டிய மீனவர் வந்தார். பேராசிரியர் அதற்குள் இறந்துவிட்டிருந்தார்.

“கம்பெனி கழிவுத் தண்ணிய ஏரியில வுட்டு எறால்லாம் செத்து மெதக்குது சார். முன்னாடி ஏரி நல்லா இருந்துச்சின்னு இன்னா அத்தாட்சின்னு ஆபீசர் கேக்குறாரு. ஐயா எழுதுன நோட்டு இங்கதான் கீதாமே?”

உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “அப்படி எதுவும் இங்க வரலையே,” என்றேன்.

“உங்களுக்குப் பேஜாரு குட்த்துட்டேன், மன்னிச்சிக்கோங்க சார்.” கும்பிட்டுவிட்டுப் போனார்.

நான் ஓய்வுபெற்ற அன்று, ஒரு புத்தகம்கூடத் தொலையாமல் காத்தவர் என்று மேடையில் பாராட்டினார்கள். கும்பிட்டு மாலையை வாங்கிக்கொண்டேன்.